குளிரில் உறையாத கொழுப்பு

கூட்டத்துக்குத் தலைமை தாங்கி, நான் பேசத் தொடங்கும் முன்பே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பழம் பதனிடும் தொழிலாளர் சங்கத்தின் மதிப்புக்குரிய தலைவர் அவர்களே! வெட்டும் மேசையில் விரல் விறைக்க விறைக்க நின்று, முகம் தெரியாத மனிதர்களின் தட்டுகளில் இனிப்பை வைக்கும் என் அன்புத் தாய்மார்களே! கழுவும் பிரிவின் கண்மணிகளே! பெட்டி கட்டும் பெரியோர்களே! விடியும் முன்பே வண்டியை எடுத்து, வீட்டார் விழித்திருக்கும் நேரத்தில் வீட்டில் இல்லாமலே வாழ்ந்து பழகிய ஓட்டுநர் சகோதரர்களே! அதிகாரத்தால் முன்வரிசையிலும், மனசாட்சியால் சற்றுத் தலைகுனிந்தும் அமர்ந்திருக்கும் நிர்வாகத்தாரே! அனைவருக்கும் என் பணிவார்ந்த வணக்கம்.

இன்னும் ஒருவருக்கு நான் வணக்கம் சொல்லவில்லை. அதோ, மூன்றாவது வரிசையில், சுவரோரமாக, சாம்பல்நிறச் சால்வையைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு அமர்ந்திருக்கிறாளே, அவள் என் தம்பியின் மனைவி. இந்தக் கூடத்தில் உங்களோடு பழம் வெட்டியவள். வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தவளை, கையைப் பிடித்து அழைத்து வந்திருக்கிறான் என் தம்பி. அவளுக்கு மேடையிலிருந்து வணக்கம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தாயே, அது போதும் தாயே.

நாத்தனார் ஒருத்தி தம்பி பெண்டாட்டிக்காக மேடையேறுகிறாளா என்று சிலர் வியப்பது தெரிகிறது. வியப்பு நியாயமானதுதான்! எங்களுக்குள்ளும் உப்பு, புளி, அடுப்படிச் சண்டை எல்லாம் உண்டு. ஆனால் ஆயிரம் இருந்தாலும் அவள் என் வீட்டுப் பெண்.

நான் கல்லூரியில் பாடம் நடத்துபவள். பாக்டீரியா என்னும் நுண்ணுயிர், தன்னைச் சுற்றியுள்ள சவ்வுக்கு வேண்டிய கொழுப்பை எப்படிச் செய்கிறது, செய்த கொழுப்பைக் காலத்துக்கேற்ப எப்படி மாற்றிக்கொள்கிறது என்பதே என் ஆராய்ச்சி. இதை என் அம்மாவுக்கு விளக்க முயன்று தோற்றுப்போனவள் நான். வீட்டுக்கு யாராவது வந்தால் அவர் என்னை அறிமுகப்படுத்தும் அழகைக் கேளுங்கள்: "இவ என் மூத்தவ. கிருமிக்கு எவ்வளவு கொழுப்புன்னு ஆராய்ச்சி பண்றா. இவளுக்கு எவ்வளவுன்னு பாக்கத்தான் ஆளில்ல!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நல்ல மனிதர்கள் சிரித்து வெகுநாளாகிவிட்ட கூடம் இது. ஆனால் நான் சொல்ல வந்தது சிரிப்பதற்கான செய்தி அல்ல.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நீங்கள் யாரும் அதை முழுதாகச் சொன்னதில்லை. வாசலில் நின்று பாதி, உடை மாற்றும் அறையில் நின்று மீதி, அவள் பெயர் வந்ததும் பேச்சை மாற்றிவிடுவது என்று இத்தனை நாள் ஓட்டிவிட்டீர்கள். இன்று நான் அதை நடுச்சபையில் சொல்கிறேன்.

இந்த வெட்டும் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மேலாளரும் உத்தரவு போட்டு வந்ததல்ல. முலாம்பழத்தைப் பிளந்தால் விதையை ஒட்டிய சதைதான் தேன். கூட நின்று வெட்டுகிறவர்களில் ஒருத்தி கருவுற்றிருந்தால் அந்த நடுத்துண்டு அவளுக்கு. வேறு யாரும் தொடமாட்டார்கள். வாரத்தின் கடைசி நாளில் நல்ல பழமெல்லாம் வண்டியேறிவிடும். அடுத்த வாரம் முதல் நாள் காலையில் புதுப்பழம் வரத் தாமதமாகும். அந்தக் காலையில் அவள் வெறும் வாயோடு நிற்கக்கூடாதே! அதனால் முன்கூட்டியே ஒரு சின்ன டப்பாவில் நடுத்துண்டுகளை எடுத்து வைத்துவிடுவீர்கள். பெற்ற தாய் செய்வாளா இதை? உடன்பிறந்தவள் செய்வாளா? நீங்கள் செய்தீர்கள்.

அந்த டப்பாவை எங்கே வைத்தீர்கள்? கடைக்குப் போகும் பெட்டிகளெல்லாம் மூடி ஒட்டப்பட்டு ஒரு பக்கம் அடுக்கப்பட்டிருக்கும். அப்போது கருவுற்றிருந்த என் தம்பி மனைவியின் டப்பாவுக்கு மட்டும் தனி இடம். குளிர் அறையிலேயே குளிரான இடம். காற்றாடிக்கு நேர் கீழே!

உங்களிலேயே வேகமான கை யாருடையது? நீங்கள் எல்லோரும் மின்னல் என்று கூப்பிடுகிற அந்த அக்காவின் கை. டப்பாவை வைத்ததும் அவர்தான். "மூலைல வெச்சாப் போதாதாக்கா?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அதற்கு அவர் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம். "மூலைல வெச்சா பழம் தொளதொளன்னு ஆயிடும்டி. ஃபேனுக்கு அடில வெச்சாத்தான் கெட்டுப்போகாது. உன் பிள்ளைக்குப் போயி நான் மட்டமானதைக் குடுப்பேனா?"

அந்தக் காற்றாடியின் அடியில் ஒரு தட்டு. குளிர்ந்த ஈரம் வடிந்து சேரும் தட்டு. அதில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல். அதிலிருந்து எப்போதாவது ஒரு சொட்டு. சொட்டு விழுந்தது டப்பாவின் மேல்; மூடியின் ஓரம் வழியாக உள்ளே. பார்த்தவர்கள் உண்டு. பார்த்தும் யாரும் பதறவில்லை. பனி உருகிய தண்ணீர்தானே, அதைவிடச் சுத்தமானது ஏது என்று நினைத்தார்கள். நானாக இருந்தாலும், பழம் வெட்டும் மேசையில் பசியோடு நிற்கும்போது, அப்படித்தான் நினைத்திருப்பேன்.

அவளுக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது. உடம்பு வலித்தது. குளிரில் நின்று வேலை செய்பவளுக்குச் சளி பிடிக்காதா என்றார்கள். காய்ச்சல் விட்டது. அதன்பிறகு ஒருநாள் காலையில், வயிற்றுக்குள் இருந்த அசைவு நின்றுபோனது.

ஏழாம் மாதம். பெண் குழந்தை. மருத்துவமனையில் ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி என் தம்பி கையில் கொடுத்தார்கள். அவன் அழவில்லை. துண்டை விலக்கிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டான். "அக்கா, இங்க வந்து பாரேன். நகமெல்லாம் இருக்குக்கா" என்றான்.

மன்னியுங்கள். ஒரு நிமிடம்.

தண்ணீருக்கு நன்றி தலைவரே.

ஆய்வு செய்ய வந்தவர்கள் மூன்று இடங்களில் ஒரே பாக்டீரியாவைக் கண்டார்கள். அவள் இரத்தத்தில், அந்த டப்பாவில், காற்றாடியின் தட்டில். அதன் பெயர் லிஸ்டீரியா. தாய்க்கு வெறும் காய்ச்சலோடு விட்டுவிட்டு, கருவறைக்குள் புகுந்து குழந்தையை எடுத்துவிடக்கூடிய உயிர்.

அதோடு முடிந்ததா? இல்லை! பாக்டீரியா ஓர் உயிரைத்தான் எடுத்தது. மிச்சத்தை நாம் எடுத்தோம். மூடியைச் சரியாக மூடாதது யார் என்று நீங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தீர்கள். "குளிர்ல போயி நிக்காதேன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே, கேட்டாளா?" என்று என் அம்மா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து சொன்னார், அடுத்த அறையில் இவள் படுத்திருக்கும்போது. மின்னல் அக்கா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கழுவும் பிரிவுக்கு மாற்றல் கேட்டுக்கொண்டு போய்விட்டார். இனிப் பழத்தைத் தொடமாட்டாராம்.

இவளோ வீட்டுக் குளிர்பெட்டியின் இணைப்பைப் பிடுங்கிவிட்டாள். குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மறுபடியும் கொதிக்க வைக்கிறாள். காய்கறி எல்லாம் கூழாகும்வரை அடுப்பை விட்டு நகர்வதில்லை. போன வாரம் அடுப்பின் முன் நின்றபடியே, முகத்தைத் திருப்பாமல் என்னிடம் கேட்டாள்: "அண்ணி, நீங்க இதைத்தானே படிச்சீங்க. பொய் சொல்லாம சொல்லுங்க. நான்தானே அதைத் தின்னேன்? அப்ப நான்தானே என் பிள்ளையக் கொன்னேன்?"

இல்லையம்மா என்றேன். அவள் நம்பவில்லை. "வீட்டு மனுசங்க வேற எப்படிச் சொல்வீங்க?" என்றாள்.

ஆகவேதான் இந்த மேடையைத் தலைவரிடம் கேட்டு வாங்கினேன். வீட்டுக்குள் சொன்னால் அது ஆறுதல். நாலு பேர் நடுவில் காரணத்தோடு சொன்னால் அது சாட்சி. நான் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன். கொன்றது யார்? தின்றவளா? கொடுத்தவளா? எடுத்து வைத்த கையா? ஏந்தி வாங்கிய கையா?

என் அன்புக்குரியவர்களே! உயிர் என்று ஒன்று இருந்தால் அதற்கு உள் என்றும் வெளி என்றும் இரண்டு வேண்டும். இரண்டையும் பிரிக்க ஒரு வேலி வேண்டும். பாக்டீரியாவின் வேலி கொழுப்பால் ஆனது. கோடிக்கணக்கான கொழுப்பு மூலக்கூறுகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்குத் தண்ணீரைக் கண்டாலே ஆகாது. ஆகவே தலைகள் எல்லாம் தண்ணீர்ப் பக்கம் திரும்பி, வால்கள் எல்லாம் நடுவில் ஒளிந்து, இரண்டு வரிசையாக நின்றுகொள்கின்றன. இவ்வளவு மெல்லிய வேலிக்குள் ஓர் உயிர் முழு வாழ்க்கையையும் நடத்திவிடுகிறது!

அந்த வாலை அதற்கு யார் செய்து கொடுக்கிறார்கள்? கடையில் வாங்குகிறதா? கடன் கேட்கிறதா? தானே செய்கிறது! உள்ளே நொதிகள் என்னும் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். ஒருவர் தொடக்கத் துண்டை எடுத்துக் கொடுப்பார். அடுத்தவர்கள் சுற்றுக்கு இரண்டு கார்பன் அணுக்களாகச் சேர்த்துச் சேர்த்து நீட்டுவார்கள். போதிய நீளம் வந்ததும் தலையோடு பூட்டி, வேலியில் கொண்டுபோய்ப் பொருத்துவார்கள். ஓய்வு கிடையாது, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. சங்கமும் கிடையாது தலைவரே, நீங்கள் முயன்று பார்க்கலாம்!

சரி, குளிரில் வெண்ணெய் என்ன ஆகும்? கட்டியாகும். கொழுப்பு வேலியும் அப்படித்தான் இறுகப் பார்க்கும். வேலி இறுகிவிட்டால் உணவு உள்ளே வராது, கழிவு வெளியே போகாது, வேலியில் பதிந்திருக்கும் கருவிகள் அசையாது. எத்தனையோ கிருமிகள் குளிரில் அப்படித்தான் செயலற்றுக் கிடக்கின்றன. அதை நம்பித்தானே குளிர்பெட்டி வாங்கினோம்? அதை நம்பித்தானே குளிர் அறை கட்டினோம்? அதை நம்பித்தானே அந்த அக்கா, இருப்பதிலேயே குளிரான இடத்தைத் தேடிப் பிடித்தார்?

ஆனால் லிஸ்டீரியா என்ன செய்கிறது, தெரியுமா? குளிர் ஏறியதும், தொடக்கத் துண்டை எடுத்துக் கொடுக்கும் அந்த நொதி தன் தேர்வை மாற்றிக்கொள்கிறது. வழக்கத்தைவிட அதிகமாகக் கோணல் துண்டுகளையே எடுத்துக் கொடுக்கிறது. முதலில் எடுத்த துண்டுதான் முடிவில் வாலின் நுனி. ஆகவே வால் செய்து முடிந்ததும் நுனிக்கு அருகில் ஒரு சிறு கிளை நிற்கிறது. வாலின் நீளமும் குறைகிறது. நேர்க்குச்சிகளைச் சேர்த்துக் கட்டினால் கட்டு இறுகும். கிளைவிட்ட குட்டைக் குச்சிகளைக் கட்டிப் பாருங்கள். நடுவே இடைவெளி விழும், கட்டு நெகிழும். அந்த நெகிழ்ச்சிதான் அதற்கு வேண்டியது. சுற்றிலும் எல்லாம் உறையும்போது அதன் வேலி மட்டும் உறைவதில்லை.

இப்படி மாற்றத் தெரிந்தது இது ஒன்றுதானா? இல்லை. வேறு சில பாக்டீரியாக்கள் வேலியில் ஏற்கெனவே நிற்கும் வாலையே பிடித்து, நடுவில் ஒரு வளைவை உண்டாக்கிவிடும். கட்டிய சுவரை இடிக்காமலே கல்லை மாற்றும் வித்தை! இன்னும் சில, தலையில் வேறொரு சிறு மூலக்கூறைச் சேர்த்துக்கொண்டு, தேடி வரும் மருந்தை ஒட்டவிடாமல் செய்துவிடும். மருத்துவர்கள் கையைப் பிசைவது அப்போதுதான்.

என்ன, பின்னாலிருந்து ஒரு குரல்? வண்டி ஓட்டும் அண்ணனா? சத்தமாகச் சொல்லுங்கள். "எங்களைவிட நல்லா குளிர் தாங்குதேம்மா, அதையே வேலைக்கு வெச்சுக்கலாமே" என்கிறாரா? அண்ணே, நிர்வாகத்தார் முன்வரிசையில் இருக்கிறார்கள், யோசனை கொடுத்துவிடாதீர்கள்! ஆனால் நீங்கள் விளையாட்டாகச் சொன்னது உண்மை. அது ஏற்கெனவே வேலைக்குச் சேர்ந்திருந்தது. அந்தத் தட்டில் குடியிருந்தது. நீங்களெல்லாம் வீட்டுக்குப் போன விடுமுறையில், விளக்கணைந்த அறையில், அவசரமே இல்லாமல் பெருகிக்கொண்டிருந்தது.

இப்போது தெரிகிறதா, என் தாய்மார்களே? மற்றக் கிருமிகளை அடக்கிய அதே குளிர், இதற்கு மட்டும் போட்டியில்லாத ஊராயிற்று. நீங்கள் அலட்சியமாக வைத்திருந்தால், அன்றே தின்னக் கொடுத்திருந்தால், இது நடக்காமல் போயிருக்கலாம். அக்கறையாக வைத்தீர்கள். இருப்பதிலேயே நல்ல இடமாகப் பார்த்து வைத்தீர்கள். அன்பு தேர்ந்தெடுத்த இடத்தில் அது காத்திருந்தது.

யார் குற்றவாளி? அந்தப் பாக்டீரியாவா? அதற்கு நினைப்பு இல்லை, பகை இல்லை, குழந்தை என்றால் என்னவென்று தெரியாது. குளிர்ந்தது, வாலை மாற்றியது, வாழ்ந்தது. அவ்வளவுதான். வஞ்சகம் இருந்தால் மண்ணை வாரித் தூற்றலாம். இங்கே தூற்றவும் ஆளில்லை.

விரிசல் விட்ட தட்டை மாற்றாத நிர்வாகத்துக்குப் பொறுப்பு உண்டு. முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதற்காக நான் பூசி மெழுக மாட்டேன். தட்டை மாற்றியிருக்கிறார்கள். வாரந்தோறும் அறையைக் காலிசெய்து, குளிரை நிறுத்தி, மருந்து போட்டுத் தேய்த்து, ஈரமில்லாமல் உலர்த்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். வேலை கெடுகிறது என்று நாளைக்கு அவர்கள் இழுத்தால், விடாதீர்கள். நீங்கள் இழுத்தால் அவர்கள் விடக்கூடாது. குளிர் காவல் காக்கும் என்று இனி யாரும் தூங்கக்கூடாது.

என் கண்ணே, இப்போது உனக்குச் சொல்கிறேன். மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கட்டும். இருபது ஆண்டுகளாக இந்தக் கொழுப்பை ஆராய்ந்தவள் என்ற முறையில், இத்தனை பேர் சாட்சியாகச் சொல்கிறேன். அந்தத் துண்டில் நாற்றம் இல்லை. நிறம் மாறவில்லை. சுவை மாறவில்லை. நானே தின்றிருந்தாலும் எனக்குத் தெரிந்திருக்காது. பசித்தது, அன்பாகக் கொடுத்தார்கள், தின்றாய். நீ கொல்லவில்லை. நீ கொல்லவில்லை! உன் குழந்தையை நீ கொல்லவில்லையம்மா!

என்ன? ஏன் எழுந்து நிற்கிறாள்? தம்பி, அவளைத் தடுக்காதே. பேசட்டும். எல்லோரும் சற்று அமைதியாக இருங்கள்.

பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. அவள் கேட்பது இதுதான்: "அதெல்லாம் சரி அண்ணி. நான்தானே தின்னேன். அது ஏன் என்னை விட்டுட்டு அவளை எடுத்துச்சு?"

அம்மா, இதற்கு என் பாடத்தில் விடை இருக்கிறது. கருவுற்ற உடம்பின் காவல் எங்கே தளர்கிறது, அது எந்த வழியாக உள்ளே போகிறது என்று ஒரு மணி நேரம் என்னால் பேச முடியும். ஆனால் நீ கேட்பது அதையல்ல. நீ கேட்பதற்கு என்னிடம் விடை இல்லை. யாரிடமும் இல்லை. விடை இருக்கிறதென்று சொல்லி உன்னை ஏமாற்ற இந்த மேடையில் நான் நிற்கவில்லை.

தலைவர் மணியடிக்கக் கை வைக்கிறார். வேண்டாம் தலைவரே, நானே முடிக்கிறேன். முடிக்கும் முன் ஒன்று கேட்கிறேன், நண்பர்களே. கூட்டம் நிரம்பி வழிகிறது. சுவரோரம் இடமில்லாமல் நிற்கிறீர்கள். அவளுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் ஏன் காலியாக இருக்கிறது? வெறுப்பாலா? இல்லை, எனக்குத் தெரியும். கூச்சத்தால். கொடுத்த கை என்ற கூச்சத்தால். அவளோ, யாரும் அருகே வராததைப் பார்த்து, ஊரே தன்னைக் கொலைகாரி என்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

யார் அது, கழுவும் பிரிவிலிருந்து எழுந்து வருவது? மின்னல் அக்காவா? வழி விடுங்கள். கால்களை மடக்கிக்கொள்ளுங்கள் அய்யா, வழி விடுங்கள்.

வந்துவிட்டார். உட்காரவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார். இவளும் நிற்கிறாள்.

இவள்தான் முதலில் பேசினாள். உங்களுக்குக் கேட்டதா? என் குரலில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். அதற்குமேல் எனக்கும் இந்த ஒலிபெருக்கிக்கும் வேலை இல்லை. கூட்டிய தலைவருக்கும், பொறுத்திருந்து கேட்ட உங்கள் செவிகளுக்கும், சற்றுமுன் வழிவிட்ட கால்களுக்கும் என் நன்றியும் வணக்கமும். அவள் சொன்னது இதுதான்:

"நீ எடுத்து வெச்ச துண்டு ரொம்ப இனிப்பா இருந்துச்சுக்கா. நான் தின்னதும் உள்ள அவ குதிப்பா."